வேலியோரத்துக் காந்தள்

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதலாவது காந்தள் என்பதை ஒப்பிக்காத மாணவர் நம் வகுப்பில் இல்லை. ஆயினும், சென்ற கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பூவொன்றை மேசைமீது வைத்து, "இஃது யாது?" என்று வினவினோம். "கார்த்திகைப்பூ, ஐயா, எங்கள் வேலியிலும் பூத்திருக்கிறது" என்றான் ஒருவன். "அப்படியாயின் காந்தள் எது?" என்றோம். எவரும் வாய் திறந்திலர். இரண்டும் ஒன்றே என்பது ஒருவருக்கும் தெரியவில்லை!

இம்மலரை இனங்காண்பது எளிது. ஆறு இதழ்கள், அவற்றின் ஓரங்கள் அலையலையாய் நெளிந்திருக்கும், பூ தலைகவிழ்ந்து நிற்க, இதழ்கள் மட்டும் தீக்கொழுந்துபோல மேல்நோக்கி மடங்கும். மலரும்போது பசுமஞ்சளாயிருக்கும் பூ, நாள் செல்லச்செல்ல மஞ்சளும் சிவப்புமாகிப் பின் முற்றச் சிவக்கும். ஆகவே ஒரே கொடியில் இருநிறப் பூக்களைக் கண்டு மயங்க வேண்டா. பூ இல்லாத வேளையில் இலையை நோக்குக. நுனி நீண்டு பற்றுக்கம்பியாய்ச் சுருண்டிருப்பின் அது பெரும்பாலும் காந்தளே.

பற்றிப் படரத் துணையும் போதிய வெயிலும் உள்ள இடமே இதற்கு உவப்பானது. யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலிகள், வடலிகளின் இடைவெளிகள், மணற்பாங்கான பற்றைகள், வன்னிக் காடுகளின் விளிம்புகள் ஆகியவற்றில் இதனைத் தேடலாம். ஐப்பசி மழையில் முளைத்து, கார்த்திகையிற் பூத்து, மழை ஓய்ந்தபின் கொடி பட்டுப்போகும். கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கிக் கிடக்கும்.

ஆபத்தும் அவ்விடத்திலேதான் இருக்கிறது. கொடி மறைந்த நிலத்தைக் கொத்தும்போது வெளிப்படும் அக்கிழங்கை வற்றாளைக் கிழங்கென்று கருதி அவித்துண்டு உயிர்நீத்தோர் நம் நாட்டில் உளர். இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கொல்சிசின் என்னும் அந்நஞ்சு, மிகச் சிறிய அளவில் மூட்டுநோய்க்கு மருந்தாவது. அளவு கடந்தாற் கூற்றாவது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தோன்றும். கைவைத்தியத்திற் காலங்கழியாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். எஞ்சிய கிழங்கையும் எடுத்துச் செல்வது நன்று.

காந்தட் கிழங்கு இரு கவடாகக் கலப்பைபோல் வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்னும் பெயர் அதனால் வந்ததே. ஆனால் மண்வெட்டி பட்டு முறிந்த துண்டில் அந்த வடிவம் ஏது? எனவே, இன்ன கிழங்கென்று அறியாத எதனையும் அடுப்பில் ஏற்றாதிருப்பதே அறிவுடைமை. முற்றி வெடித்த காயினுள்ளே தோன்றும் செந்நிற விதைகளையும் குழந்தைகள் வாயிலிடாமற் காத்தல் வேண்டும்.

இதற்காகக் கொடியை வேரோடு களைய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நம் முன்னோர் பாடிய மலர் நம் வேலியிலே பூப்பது பெரும் பேறன்றோ? பூத்திருக்கும் காலத்திலேயே பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவ்விடத்தில் ஒரு கம்பை நட்டு அடையாளம் வையுங்கள். பங்குனியில் மண்வெட்டியுடன் அங்கே வருபவருக்குப் பூ வந்து எச்சரிக்கை செய்யாது. அந்தக் கம்புதான் செய்யும்.