மைசூரில் எடுத்தது, டென்ஹாமில் முடிந்தது

மைசூர் ஹுன்சூர் சாலையில் இன்று கிரீன் ஹோட்டலாக இருக்கும் கட்டடம் ஒருகாலத்தில் சித்தரஞ்சன் மகால், அரச குடும்பத்து இளவரசிகளுக்காகக் கட்டியது. பிற்பாடு பிரீமியர் ஸ்டுடியோவின் கைக்குப் போனது. அதற்கு முன், 1935இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதை ஓர் அமெரிக்க இயக்குநர் தங்கிப் படமெடுக்கக் கொடுத்தார். அவர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. ஆவணப்பட வகுப்பில் முதல் நாளே காதில் விழும் பெயர்தான். ஆனால் நம் பாடங்கள் ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தோடு அவரை முடித்துவிடுகின்றன. பனிவீடு கட்டிய கதையை விட, யானைக் கொட்டாரத்துக் கதைதான் இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

ஃபிளாஹர்ட்டி 1884இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். சுரங்கக்காரரின் மகன், தானும் கனிமம் தேடிக் கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் அலைந்தவர். அனுப்பிய முதலாளி வில்லியம் மெக்கன்சி ‘ஒரு கேமராவும் எடுத்துப் போயேன்’ என்று சொல்லப்போக, 1913இலிருந்து படம்பிடிக்கத் தொடங்கினார். 1916இல் டொரன்டோவில், கையிலிருந்த சிகரெட் நெருப்புப் பட்டு 30,000 அடி நெகட்டிவ் எரிந்தது. நைட்ரேட் ஃபிலிம், ஒரு பொறி போதும். போனது நல்ல படமே இல்லை என்று அவரே பின்னர் சொல்லிவந்தார். மறுபடி 1920இல் கிளம்பினார். ரெவியோன் என்ற விலங்குரோம வணிகக் கம்பெனி பணம் போட்டது. எடுத்ததை அங்கேயே கழுவி, இன்யூட் மக்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டு அடுத்ததை எடுத்தார். 1922இல் ‘நானூக்’ வந்தது.

அதில் நடிப்பும் உண்டு. நாயகனின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லக். உள்ளே வெளிச்சம் போதாததால் பனிவீட்டைப் பாதியாக வெட்டித் திறந்துவைத்துப் படமெடுத்தார்கள். துப்பாக்கி வந்துவிட்ட ஊரில் ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார்கள். இதை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. என் அக்கறை வேறு: அந்தப் படத்தின் ஒவ்வொரு வெட்டும் ஒட்டும் அவர் கண்முன் நடந்தது. கம்பெனிக்கு வேண்டியது தன் பெயர் வெளியே தெரிவது மட்டுமே. எடிட்டிங்கில் அது தலையிடவில்லை.

ஸ்டுடியோக்களோடு அவருக்கு ஒத்துப்போனதே இல்லை. சமோவாவில் எடுத்த ‘மோவானா’வைப் பற்றி 1926இல் எழுதியபோதுதான் ஜான் கிரியர்சன் ‘டாக்குமென்டரி’ என்ற சொல்லை இந்த வகைப் படத்துக்கு வைத்தார். அதற்குப் பின் எம்.ஜி.எம். படம் ஒன்றிலிருந்து பாதியில் விலகினார். இயக்குநர் முர்னாவோடு சேர்ந்து தொடங்கிய ‘தாபு’ முழுக்க முர்னாவின் படமாக முடிந்தது. 1934இல் ‘மேன் ஆஃப் ஆரன்’ வந்தபோது ஊரெல்லாம் பேசும்படம். இவரோ அயர்லாந்துத் தீவில் மௌனமாக எடுத்துவந்து லண்டனில் ஒலி சேர்த்தார். பேச்சு வந்த பிறகும் மௌனப்படக்காரராகவே இருந்த மனிதர்.

இவரைத்தான் லண்டனில் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா, கிப்ளிங்கின் யானைச் சிறுவன் கதையைப் படமாக்க மைசூருக்கு அனுப்பினார். மனைவி ஃபிரான்சிஸ், தம்பி டேவிட், ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பொரடெயில் உடன் வந்தனர். அந்தச் சிறுவனாக நடித்த சாபுவை அரண்மனை யானைக் கொட்டாரத்தில் கண்டெடுத்தது பொரடெயில்தான். காராப்புரத்து யானைப்பாகன் மகன், பெற்றோரை இழந்த பிள்ளை, வயது பதினொன்று. ஐராவதம் என்ற அரண்மனை யானை, கதையில் வரும் யானை காலா நாக் ஆனது. காட்டு யானைக் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் கெட்டாவையும் படமாக்கினார்கள். 1971க்குப் பிறகு மைசூர்க் காட்டில் கெட்டா நடக்கவில்லை; பழைய கெட்டாக் காடுகளில் ஒரு பகுதி இன்று கபினி நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. அந்தக் காட்சிகளின் மதிப்பு நாளுக்கு நாள் ஏறத்தானே செய்யும்?

ஓராண்டுக்கு மேல் ஓடிய படப்பிடிப்பில் ஏறத்தாழ மூன்று லட்சம் அடி ஃபிலிம் செலவானது. 35 மி.மீ. கணக்கில் சுமார் 55 மணி நேரம். கதை மட்டும் பிடிபடவில்லை. பொறுமை இழந்த கோர்டா 1936இல் எல்லாரையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்தார். டென்ஹாம் ஸ்டுடியோவில் தம்பி சோல்டான் கோர்டாவை வைத்து ஒரு கதையை எழுப்பி, சாபுவையும் இங்கிலாந்திலேயே கிடைத்த யானைகளையும் கொண்டு மீதியை எடுத்து முடித்தார்.

1937இல் வெளியான ‘எலிஃபன்ட் பாய்’ சுமார் 80 நிமிடம். மைசூர் வெயிலில் எடுத்த துண்டும் ஸ்டுடியோ விளக்கில் எடுத்த துண்டும் கடைசிவரை ஒட்டாமல் நிற்பதைப் பயிற்சியில்லாத கண்ணே காணும். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருதை ஃபிளாஹர்ட்டிக்கும் சோல்டான் கோர்டாவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். சாபு உலக நட்சத்திரம் ஆனார். படத்தில் சேராத ஐம்பது மணி நேரத்துக்கும் மேலான மைசூர், பார்வையாளர் கண்ணில் படவே இல்லை. அந்த மைசூரைக் கொஞ்சமாவது காண வேண்டுமென்றால், ஃபிரான்சிஸ் கடிதங்களாக எழுதி 1937இல் வெளியிட்ட ‘எலிஃபன்ட் டான்ஸ்’ நூலைப் படியுங்கள்.

‘திரைக்கதை இல்லாமல் போனால் இப்படித்தான்’ என்று இதற்கு வழக்கமாக ஒரு தீர்ப்புச் சொல்வார்கள். கோர்டாவின் பக்கமும் நியாயம் உண்டு. அவர் போட்டது சொந்தக் கம்பெனிப் பணம். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரியில்லை. ‘நானூக்’குக்கும் திரைக்கதை இருக்கவில்லை. மைசூரில் எடுத்த ரீல்கள் லண்டன் கம்பெனியின் சொத்து. அவற்றை எப்படி வெட்டுவது என்பதில் கடைசிச் சொல், அந்த யானைகளோடு ஓராண்டு வாழ்ந்தவருக்கு இல்லை. அங்கேதான் படம் கைமாறியது.

இதற்கு நேர்மாறான உதாரணத்தை ஃபிளாஹர்ட்டியே விட்டுப்போயிருக்கிறார். 1948இல் வந்த ‘லூசியானா ஸ்டோரி’க்குப் பணம் கொடுத்தது ஸ்டாண்டர்ட் ஆயில், ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர். ஓர் எண்ணெய்க் கம்பெனியை இந்த இதழ் புகழ வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! தன் பெயரைப் படத்தில் போட வேண்டாம் என்றது. உரிமையையும் வசூலையும் அவரிடமே விட்டது. படத்தொகுப்பாளர் ஹெலன் வான் டாங்கன் படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்தார். எடுப்பதும் தொகுப்பதும் கூடவே நடந்தன. அதே பழைய பழக்கங்கள், அதே ஃபிலிம் தின்னும் மனிதர். வந்தது முழுமையான ஒரு படம். மூன்றாண்டு கழித்து, 1951இல், அவர் காலமானார்.

இன்று நம்மில் ஓடிடி நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் படம் செய்து தருவோர் கையெழுத்திடும் தாள்களில், எடுத்த ஃபுட்டேஜ் முழுவதும் பணம் கொடுப்பவருக்கே என்ற வாசகம் சாதாரணமாக வருகிறது. சம்பளத் தொகையைப் பற்றி வாரக்கணக்கில் பேரம் பேசுகிறோம், அந்த வரியைப் படிக்காமலே தாண்டிவிடுகிறோம். உரிமை முழுவதையும் யாரும் தரமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் இறுதித் தொகுப்பு வரை இயக்குநர் மேசையில் இருப்பார் என்ற ஒரு வரியைக் கேட்டுப் பெறலாம். படத்தில் சேராத ஃபுட்டேஜின் ஒரு பிரதி இயக்குநரிடம் இருக்கும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அது ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் என்று எழுதிக்கொள்வதும் நடக்காத காரியமல்ல. படத்தில் வந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டால் பார்க்கக் கிடைக்க வேண்டும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கடைசி ஒப்பந்தத்தை எடுத்து, ஃபுட்டேஜ் பற்றிய பத்தியைத் தேடிப் பாருங்கள். பெயர்களையும் தொகையையும் அடித்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். வருபவற்றை அருகருகே வைத்து, எல்லாரும் பயன்படுத்தக்கூடிய மாதிரி வாசகம் ஒன்றை வழக்கறிஞர் துணையோடு இந்த இதழிலேயே வெளியிடுகிறோம்.