ஓய்வும் பயிற்சியே

மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற அமிர்தகழியிலும், அதனையொத்த மட்டக்களப்புக் கிராமங்களிலும், வளவைக் காக்கும் பொறுப்பு நாய்க்குரியது. அந்நாய் அழைத்தவுடன் வரவேண்டும், அயலாரைக் கண்டு குரைக்கவேண்டும், அதட்டியவுடன் அடங்கவேண்டும். இவ்வளவையும் எதிர்பார்ப்போருட் பலர், அது கற்கும் வழியைச் சிறிதும் சிந்திப்பதில்லை. ‘ஓயாமற் பழக்கினாற்றான் படியும்’ என்பதே அவர்தம் கோட்பாடு. நாய் தளர்ந்து தடுமாறினால் பிரம்பு துணைக்கு வருகின்றது. இக்கோட்பாடு கொடியது மட்டுமன்று, பிழையானதுமாகும்.

டென்மார்க்கில் நாற்பதுக்கு மேற்பட்ட பீகிள் நாய்களைக்கொண்டு நிகழ்த்தப்பெற்று 2011இல் வெளிவந்த ஆய்வொன்று ஈண்டு நோக்கற்பாலது. நாள்தோறும் பழக்கப்பட்டவற்றிலும், வாரத்தில் ஓரிரு முறை மட்டும் பழக்கப்பட்டவை செவ்வையாகக் கற்றன. ஒரே நாளில் மூன்று பாடங்களைத் தொடர்ந்து பெற்றவற்றிலும், ஒரு பாடம் பெற்றவை மேம்பட்டு நின்றன. நான்கு வாரங்கள் கழிந்தபின்னும் எக்குழுவும் கற்றதை மறக்கவில்லை. இடைவெளி விட்டால் மறந்துவிடும் என்ற அச்சம் எங்ஙனம் நிலைபெறும்?

ஹங்கேரியில் 2017இல் வெளியான ஆய்வு இதன் காரணத்தைத் துலக்குகின்றது. அந்நாட்டு மொழியிற் கட்டளைகளை அறிந்திருந்த நாய்களுக்கு, அதே செயல்களுக்குரிய ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கப்பட்டன. பின்னர் அவை உறங்குகையில் மூளையின் மின்னலைகள் பதிவுசெய்யப்பட்டன. புதியது கற்றபின் உறக்கத்தின் அலைகளே வேறுபட்டன; விழித்தெழுந்த நாய்கள் முன்னிலும் நன்றாகக் கட்டளைக்குப் பணிந்தன. கற்றதை மனத்திற் பதிப்பது உறக்கமாயின், உறக்கத்தைக் கெடுப்பவன் தன் உழைப்பையே கெடுப்பவனல்லனா?

வெப்பமும் கருதத்தக்கது. நாய் மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே பெரும்பாலும் சூட்டைத் தணிக்கின்றது. ஈரப்பதன் மிகுந்த வாவிக்கரைக் காற்றில் அவ்வழியும் தளர்வுறும். நண்பகலில் அதனை ஓடவிட்டுப் பழக்குவது உயிருக்கே ஊறு விளைக்கும்.

‘நாள்தோறும் பழக்கினால் விரைவில் முடியும்’ என்பர் சிலர். நாட்கணக்கில் அஃது உண்மையாகவும் கூடும். ஆயின், ஒவ்வொரு பாடத்தாலும் விளையும் பயன் குறைகின்றது. நாய்க்கும் பழக்குவோர்க்கும் வீண்பாடு மிகுகின்றது. ஓய்வு என்பது குறுஞ்சங்கிலியிற் பிணித்து வெயிலில் விடுவதும் அன்று. நிழலும், நீரும், இடையூறற்ற உறக்கமும் சேர்ந்ததே ஓய்வு.

இதனையுணராமையாற் கேடுறுவது நாயே. களைப்பு மந்தபுத்தி எனப்படுகின்றது. அச்சம் முரட்டுத்தனம் எனப்படுகின்றது. ஈற்றில், ‘படியாத நாய்’ என்ற பழியோடு அது தெருவில் விடப்படுகின்றது. குற்றம் கற்பித்தவருடையது; தண்டனையோ வாயில்லாச் சீவனுக்கு. காலையிற் சில நிமிடம் பழக்குக, பிழையின்றிச் செய்ததும் நிறுத்துக, பின் உறங்கவிடுக. இதற்குப் பணம் வேண்டா, பிரம்பும் வேண்டா. பொறுமை ஒன்றே போதும்.