மழைக்கு முன் ஓர் ஊசி

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு. அகராதியைப் புரட்டாமலே இப்பொருளை உணர்ந்தவர்கள் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய்ப் பகுதிகளின் பட்டிக்காரர்கள். திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலக்கும் தாழ்நிலங்களில் மேயும் எருமைகளின் பாலே சட்டித் தயிராகி நமது இல்லங்களை வந்தடைகின்றது. அச்செல்வத்தை ஓரிரவிற் கொள்ளைகொள்ள வல்ல பகைவனொருவனைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

தொண்டை அடைப்பான் என்பது அந்நோயின் பெயர். மாலையிற் பட்டிக்குத் திரும்பிய எருமைக்குக் கடுஞ்சுரம் காண்கிறது; வாயினின்று நீர் வடிகிறது; தொண்டை வீங்கி மூச்சுத் திணறுகிறது. பல வேளைகளில் ஒரு நாளுக்குள்ளேயே யாவும் முடிந்துவிடுகின்றன. பசுக்களையும் இது தாக்குமாயினும், எருமைகளையும் இளங்கன்றுகளையுமே பெரிதும் வாட்டுவது.

பாஸ்ருரெல்லா மல்ற்றோசிடா என்னும் பக்றீரியாவே இதற்குக் காரணம். வலுக்குறைந்த கிருமியைக் கொண்டே கோழிகளின் கொள்ளைநோயைத் தடுக்கலாம் என்று 1880 இல் உலகிற்குக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரரின் பெயரையே இக்கிருமியினம் தாங்கி நிற்கிறது.

கோடையில் இக்கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என மாணவர்கள் வினவக்கூடும். எம். சி. எல். டி அல்விஸ் முதலிய இலங்கை மிருக வைத்திய அறிஞர்களின் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. நோய்க்குத் தப்பிய விலங்கின் தொண்டைச் சதையில் அது நெடுநாள் உறைந்திருக்கும். விலங்கோ பார்வைக்கு முழு நலத்துடன் உலவும். வாடைக்காற்றோடு மழை பிடித்து, நனைந்தும் நடுங்கியும் உடல் தளர்ந்த வேளையிற் கிருமி வெளிப்பட்டு, பட்டியிலுள்ள ஏனையவற்றையும் பற்றிக்கொள்ளும்.

சுரம் கண்டவுடனே மருந்து கொடுத்தாற் சில பிழைக்கலாம்; தொண்டை வீங்கிய பின் நம்பிக்கை அரிது. ஆகவே தடுப்பூசியே தக்க காவல். ஊசியின் காப்பு உடலில் ஊறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆதலால், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரே மிருக வைத்தியரை நாடுதல் அவசியம்.

மற்றொன்றும் கூறவேண்டும். 2022 டிசம்பரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் திடீரென மாண்டபொழுது, கொள்ளைநோய் புகுந்துவிட்டதோ எனப் பலரும் அஞ்சினர். ஆராய்ந்தபொழுதோ கடுங்குளிரே காரணமெனத் தெரிந்தது. ஊகம் வைத்தியமாகாது. விலங்கு இறந்தால் அதனை ஆற்றில் எறியாமலும், இறைச்சிக்கு விற்காமலும், உடனே வைத்தியருக்கு அறிவித்து, அவர் பார்த்த பின் ஆழப் புதைத்தலே முறை.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. தயிர்ச்சட்டியைக் கையில் ஏந்தும் நாமும், நம் ஊர்ப் பட்டிக்காரரிடம் "அண்ணே, இவ்வாண்டு ஊசி போட்டாயிற்றா?" என்று மழைக்கு முன்னரே ஒரு வார்த்தை கேட்டு வைப்போமாக.