கூட்டித் துப்புரவாக்கிய வீடு



காலை வேளையில் சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் எமது வளவுக்குள் வருகிறார். கிணற்றிலிருந்து நீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றி, நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றனவா என்று பார்க்கிறார். “நாட்டில்தான் மலேரியா இல்லையே, பிறகேன் இந்தத் தேடல்?” என்று எம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். இந்தக் கேள்விக்கு எமது நாட்டின் வரலாறும் நற்செய்தியும் ஒரே விடையைத் தருகின்றன.

1934-35 காலப்பகுதியில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகி மலேரியா பரவியது. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். பின்னர் டி.டி.ரி. மருந்து வந்தது. 1963-இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே இனங்காணப்பட்டனர். நோய் தொலைந்தது என்ற நம்பிக்கையில் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு என்ன? 1969-இல் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மலேரியாவில் வீழ்ந்தனர்.

ஆண்டவர் இயேசு கூறிய ஓர் உவமை நினைவுக்கு வருகிறது. ஒருவனை விட்டு வெளியேறிய தீய ஆவி அலைந்து திரிந்து மீண்டும் வருகிறது. வீடு கூட்டித் துப்புரவாக இருக்கிறது, ஆனால் உள்ளே யாரும் இல்லை. அது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துவந்து குடியேறுகிறது. அவன் நிலை முன்பிருந்ததை விட மோசமாகிறது. துப்புரவாக்கினால் மட்டும் போதாது; வீட்டில் விழித்திருக்க ஆள் வேண்டும்.

இரண்டாம் முறை நாடு பாடம் கற்றது. 1999-இல் 2 இலட்சத்து 60 ஆயிரத்திற்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் இரத்தப் பரிசோதனையும் மருந்து தெளிப்பும் நுளம்புத் தேடலும் தொடர்ந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பர் 5-ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவில் ஒரு புதிய விருந்தாளி அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு அது. பழைய நுளம்பு ஆற்றங்கரைக் குட்டைகளைத் தேடிப் போனது. இதுவோ எமது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடுகிறது. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. சான்றிதழ் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தியிருந்தால், இது வந்ததே எமக்குத் தெரிந்திராது. ஆபிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் 2012-இல் இந்த நுளம்பு முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டு அங்கே 27 மலேரியா நோயாளரே இருந்தனர். 2020-இல் அந்தத் தொகை 73,000-ஐத் தாண்டியது.

நுளம்பு தானாக மலேரியாவைச் சுமந்து பிறப்பதில்லை. நோயுள்ள ஒருவரைக் கடித்த பின்னரே அது பரப்புகிறது. ஆகவேதான் எந்த ஊரில் எந்த நுளம்பு இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்காக ஊழியர்கள் விடியற்காலையில் வீட்டுச் சுவர்களில் தேடுகிறார்கள். இரவில் வலைக்கூடாரத்துள் மாட்டைக் கட்டி, அதை நாடி வரும் நுளம்புகளைப் பிடிக்கிறார்கள். வெளிநாட்டில் நோய் தொற்றிய ஒருவர் ஊர் திரும்பினால், அவருடைய வீட்டைச் சுற்றித் தேடுகிறார்கள். மடு அன்னையின் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து தங்கிச் செல்கிறார்கள். எனவே மன்னார்க் கிணறு மன்னாருக்கு மட்டும் உரிய கவலை அல்ல.

இங்கே எம்முன் இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று அலட்சியம். மற்றது அதைவிடக் கொடியது: பழி சுமத்துதல். இந்தியாவிலிருந்து திரும்பும் அகதியையும், ஆபிரிக்காவில் உழைத்து வரும் சகோதரனையும் “நோயைக் கொண்டு வந்தவர்” என்று சுட்டினால், அவர்கள் காய்ச்சலை மறைப்பார்கள். மறைக்கப்பட்ட காய்ச்சலே ஊருக்கு ஆபத்து. ஒருகாலத்தில் படகேறித் தஞ்சம் தேடியவர்கள் நாம். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை வணங்குபவர்கள் நாம். திரும்பி வருபவரிடம் அன்பாகப் பேசுவோம்: “காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.” மலேரியாவைக் கண்டிராத இளம் வைத்தியருக்கு அந்த ஒரு சொல்லே வழிகாட்டும்.

அடுத்த முறை அந்த உத்தியோகத்தர் வரும்போது படலையைத் திறந்து விடுவோம். அவர் கிணற்றில் விட்ட மீன்களைப் பாதுகாப்போம். தாங்கிக்கு மூடியும் கிணற்றுக்கு வலையும் இடுவோம். ஒப்புரவு அருட்சாதனம் பெற்று எழுந்த பின்னும் நாம் எமது உள்ளத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லையா? நாட்டுக்கும் அதுவே பொருந்தும். நோய் வெளியேறிய இந்த வீட்டில், அயலவர் மீதான அன்பு விழித்திருக்கட்டும்.