குறிபார்ப்பதற்குக் கால் எதற்கு?

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், குறிபார்த்துச் சுடும் விளையாட்டைப் பழக விரும்புவதாகச் சொன்னால், "உமக்கேன் இந்த வில்லங்கம், கரம் விளையாடலாமே" என்று புத்தி சொல்ல நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சொல்பவரின் மனதில் இரக்கம் இருக்கலாம். அந்த இரக்கம்தான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த விளையாட்டின் இயல்பைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஓடவேண்டியதில்லை, பாயவேண்டியதில்லை. 10 மீற்றர் தூரத்திலுள்ள காற்றழுத்த றைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் விட்டமுடையது. அதை அடிக்க வேண்டியவை அடங்கிய மூச்சும் அவசரப்படாத விரலும். ஹங்கேரியின் கரோலி டகாக்ஸின் வலக்கை 1938இல் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. இடக்கையால் பழகிய அவர் 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் போட்டிகளில் உடற்குறை இல்லாதோருடன் மோதித் தங்கம் வென்றார். பராலிம்பிக்கில் 1976 ரொறன்ரோ முதல் இவ்விளையாட்டு இடம்பெறுகிறது.

விதிகளும் இடம் கொடுக்கின்றன. ஆயுதத்தின் பாரத்தைத் தாமே தாங்கக்கூடியோர் எஸ்.எச். 1 பிரிவினர். றைபிளைத் தாங்க இயலாதோர் எஸ்.எச். 2 பிரிவில் அதனைத் தாங்கியில் வைத்துச் சுடலாம். குண்டை நிரப்பிக் கொடுக்க உதவியாளரும் இருக்கலாம். 'நின்று சுடுதல்' என்ற போட்டியிலேயே முழங்கைகளை ஊன்றாது அமர்ந்தபடி சுடலாம். (பெயரை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை!)

அப்படி அமர்ந்து சுட்டவர்தான் ஜெய்ப்பூரின் அவனி லேகரா. 2012இல் கார் விபத்தில் அவருக்கு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ பராலிம்பிக்கில் 249.6 புள்ளிகளுடன் தங்கம்; 2024 பாரிஸில் 249.7 புள்ளிகளுடன் மறுபடியும் தங்கம். 'ஊனத்தை வென்ற வீராங்கனை' என்ற தலைப்பு உடனே எழுந்தது. என் தொழில்காரருக்குச் சொல்கிறேன்: அவர் ஊனத்தை வெல்லவில்லை, அது அவருடனேயே இருக்கிறது. அவர் வென்றது தம்முடன் இறுதிச்சுற்றில் சுட்ட ஏழு பேரை. பதக்கம் வந்த மறுநாள் இப்படி எழுதும் பத்திரிகை, தன் ஊர்ச் சுடுதளத்தின் வாசலில் சாய்தளம் உண்டா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

தொடங்க விரும்புவோர் துப்பாக்கி வாங்க ஓடவேண்டாம். கழகத்தின் ஆயுதத்திலேயே சில மாதங்கள் பழகுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு: இங்கிலாந்தில் வலுக்குறைந்த காற்றழுத்த றைபிளுக்கு உரிமம் தேவையில்லை, ஸ்கொட்லாந்திலோ 2016 இறுதியிலிருந்து சான்றிதழ் கட்டாயம். கழகத்துக்குச் செல்லுமுன் தொலைபேசியில் கேட்கவேண்டியவை சில்லறையானவை: படி உண்டா, மேசையின் உயரத்தை மாற்றலாமா, கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா. 'வந்து பாருங்கள்' என்று மழுப்பினால் வேறு கழகம் தேடுங்கள்.

ஒன்றை மறைக்கலாகாது. துப்பாக்கியாலும் குண்டாலும் அவயவம் இழந்தோர் நம்மிடையே பலர். 'அந்தச் சனியனைத் தொடவே மாட்டேன்' என்று அவர்களில் ஒருவர் சொன்னால் அது முழு நியாயம். ஆனால் அதை அவர் சொல்லவேண்டும். அவருக்காக மைத்துனரும் கழகச் செயலாளரும் சொல்லக்கூடாது.

பார்வையற்றோரும் சுடுகிறார்கள். குறி நடுவை நெருங்க நெருங்கச் செவியில் ஒலி மாறும். அதைக் கேட்டு விசையை அழுத்துவார்கள். உலகப் போட்டிகளில் அவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. 2024 பாரிஸ் பராலிம்பிக்கிலோ அப்பிரிவு இல்லை.