கேக் அனுப்பியவர்களும் மொட்டைக் கடுதாசிக்காரர்களும்

லீவுக்கு வந்திருந்த பேரன் ஒருநாள் ராத்திரி சாப்பிட வராமல் உம்மென்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். கேட்டால், "கேம் முடிவு சரியில்ல தாத்தா" என்றான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முழுக் கதையையும் கேட்டபிறகு சிரிக்கத் தோன்றவில்லை.

அவன் ஆடியது 'மாஸ் எஃபெக்ட்'. மூன்று பாகங்கள். ஒரு பாகத்தில் ஆடுபவர் எடுத்த முடிவு அடுத்த பாகத்திலும் தொடருமாம். 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் பாகத்தின் இறுதியில் சிவப்பு, நீலம், பச்சை என்று வெளிச்சத்தின் நிறம் மாறியதே தவிர, காட்சிகள் ஏறக்குறைய ஒன்றுதான். 2007 முதல் ஆடியவர்கள், "நாங்கள் எடுத்த முடிவுகளுக்கு என்ன மதிப்பு?" என்று கொதித்தார்கள்.

அதில் சிலர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கனடாவின் எட்மன்டனில் உள்ள பயோவேர் நிறுவனத்துக்கு 400 கப் கேக் அனுப்பினார்கள். நிறம் மூன்று, ருசி ஒன்றே! அந்த ஜூன் மாதமே விரிவாக்கிய முடிவை நிறுவனம் இலவசமாகத் தந்தது.

2020-ல் நடந்தது வேறு கதை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், முதல் பாக நாயகனைக் கொல்லும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் லாரா பெய்லி. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கதையை எழுதியவர்கூட அவர் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாமேல் மொட்டைக் கடுதாசி வந்தது. விசாரித்ததில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் கேன்டீன் பக்கம் வரவில்லை. எழுதிய ஆசாமி மட்டும் எங்களோடு உட்கார்ந்து காபி குடித்திருப்பார். யாரென்று இன்றுவரை தெரியாது.

பெயர் சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில் மறைந்திருந்து எழுதுவதில் நியாயம் உண்டு. ஒரு விளையாட்டின் முடிவு பிடிக்கவில்லை என்று சொல்ல முகமூடி எதற்கு? காசு கொடுத்து வாங்கியவனுக்குக் குறை சொல்ல முழு உரிமை உண்டு. குறையைப் படைப்பின் மேல் சொல்லட்டும். ஆள்மேல் பாய வேண்டாம்.

"நீ ஏதாவது எழுதினியாடா?" என்றேன்.

"நாலு வார்த்தை திட்டினேன். வேற பேர்ல."

"உன் பேரைப் போட்டு அதையே எழுதுவியா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, எழுதியதை அழித்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தான். இந்தத் தடவை வெகு நேரமாயிற்று. ரசம் ஆறிவிட்டது. நான் கூப்பிடவில்லை.