பிடியரிசி போல் வெயில் சேர்க்கும் பூச்சிகள்

வீட்டுக்குள் விஞ்ஞானம்



விளையாட்டுச் சாமான் ஒன்று பழுதாகிவிட்டால் அதைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத ஒரு பிள்ளை அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கும். திருகாணிகளையும் கம்பிகளையும் பாய் முழுக்கப் பரப்பி வைத்திருப்பதைக் கண்டதும் உம்மாவுக்குக் கோபம் வரும். "இருந்ததையும் கெடுத்துப் போட்டியே!" என்று ஏசுவார். உண்மையில் அந்தப் பிள்ளை கெடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தேடுகிறது. அந்தத் தேடலை ஏசி அடக்கிவிடாமல் நல்ல வழியில் திருப்பிவிடக்கூடிய ஒரு பொழுதுபோக்கைப் பற்றித்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

அது, சூரிய ஒளியில் ஓடும் மிகச் சிறிய ரொபோக்களைச் செய்வது. ரொபோ என்றதும் பேசும், நடக்கும் இயந்திர மனிதனை நினைத்து விடாதீர்கள். இவை உள்ளங்கையில் அடங்கும் பூச்சிகள்! இவற்றுக்குப் பற்றரி இல்லை, கணினியும் இல்லை. வெயிலில் வைத்தால் அசையும், நிழலில் உறங்கும்.

ஆமையில் தொடங்கிய கதை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆய்வு செய்துவந்த கிரே வோல்ற்றர், 1948, 1949ஆம் ஆண்டுகளில் 'எல்மர்', 'எல்சி' என்ற இரு இயந்திர ஆமைகளைச் செய்தார். பழைய கடிகாரங்கள், எரிவாயு மானிகள் ஆகியவற்றின் பற்சில்லுகள்கூட அவற்றில் பயன்பட்டன. ஒவ்வோர் ஆமைக்கும் மூளையாக இருந்தவை, அந்தக் கால வானொலிப் பெட்டியில் உள்ளவை போன்ற இரண்டே இரண்டு வால்வுகள்! ஆனாலும் அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின. தடை வந்தால் விலகின. பற்றரி குறைந்ததும் விளக்கெரியும் தம் கூட்டுக்குத் திரும்பின. 1951இல் நடந்த 'பிரித்தானிய விழா'வில் இத்தகைய ஆமைகளை மக்கள் வியந்து பார்த்தார்கள். இந்தப் பணியில் கிரே வோல்ற்றரின் மனைவி விவியன் டோவியும் உடன் உழைத்தார் என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

பின்பு 1980களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ரொட்னி புரூக்ஸ் என்ற அறிஞர், பெரிய மூளை இல்லாமலே பூச்சியைப் போல நடக்கும் ஆறுகால் இயந்திரங்களைச் செய்து காட்டினார். அவருடைய கருத்தால் ஈர்க்கப்பட்டவர்தான் கனடாவில் வளர்ந்த மார்க் ரில்டன். அவர் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, கணினியையே எடுத்துவிட்டார். சில திரான்சிற்றர்கள், சூரியத் தகடு, கழித்துப் போட்ட கருவிகளின் மோட்டர்கள், இவை போதும் என்றார். உயிரியல், இலத்திரனியல், அழகியல், பொறிமுறை ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இவ்வகை ரொபோக்களுக்கு 'பீம்' என்று பெயர் வைத்தார். 1990களில் உலகின் பல பக்கங்களிலும் இளைஞர்கள் இவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். 2004இல் விற்பனைக்கு வந்து பிரபலமான 'ரோபோசேப்பியன்' என்ற விளையாட்டு ரொபோவை வடிவமைத்தவரும் இதே ரில்டன்தான்.

பிடியரிசிக் கணக்கு

சிறிய சூரியத் தகடு தரும் மின்சாரம் மிகக் கொஞ்சம். அதை நேரே மோட்டருக்குக் கொடுத்தால் மோட்டர் அசையாது. அப்படியானால் பூச்சி எப்படி ஓடுகிறது?

இது நமக்குப் புதிய கணக்கு அல்ல. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்போம் அல்லவா? ஒரு பிடியால் யாருக்கும் பசி தீராது. பானை நிறைந்ததும் ஒரு குடும்பத்துக்கே ஒருநேரச் சோறாகிறது. இந்தப் பூச்சியிலும் அப்படி ஒரு பானை உண்டு. அதன் பெயர் கொள்ளளவி. தகட்டிலிருந்து வரும் மின்சாரம் அதில் துளித் துளியாகச் சேர்கிறது. குறித்த அளவு சேர்ந்ததும் காவல் நிற்கும் சிறு மின்சுற்று கதவைத் திறக்கிறது. சேர்ந்த முழுவதும் ஒரே வீச்சில் மோட்டருக்குப் பாய, பூச்சி ஒரு தத்துத் தத்துகிறது. உடனே கதவு மூடிக்கொள்ள, மறுபடி சேமிப்புத் தொடங்குகிறது. நல்ல வெயிலில் சில வினாடிகளுக்கு ஒரு தத்தல். மப்பு நாளில் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த அமைப்பைத்தான் 'சூரிய எந்திரம்' என்கிறார்கள்.

என்னென்ன தேவை?

எளிய சூரிய எந்திரம் ஒன்றுக்குத் தேவையானவை ஆறு வகைப் பொருள்கள்தாம்:

1. சூரியத் தகடு. பழுதான தோட்ட விளக்கிலிருந்து எடுக்கலாம். அதன் தகடு பெரும்பாலும் 2 வோல்ற் அளவே தரும் என்பதால் இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். கல்குலேற்றர் தகட்டின் மின்சாரம் இதற்கு மிகவும் குறைவு.

2. 4700 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று.

3. என்.பி.என். வகையில் ஒன்றும் பி.என்.பி. வகையில் ஒன்றுமாக இரண்டு திரான்சிற்றர்கள்.

4. தானாகச் சிமிட்டும் சிறிய எல்.ஈ.டி. விளக்கு ஒன்று. 'பானை நிறைந்துவிட்டது' என்று அறிவிப்பது இதுதான்.

5. 2.2 கிலோஓம் தடையி ஒன்று. திறந்த கதவைப் பானை வெறுமையாகும்வரை பிடித்து வைப்பது இதன் வேலை.

6. பழைய கைத்தொலைபேசியை அதிரச் செய்யும், உருளை வடிவான சின்னஞ்சிறு மோட்டர்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இந்த மின்சுற்றின் படத்தைத் தேடி எடுப்பது கடினமல்ல. முதலில் துளைகளில் செருகி இணைக்கும் பலகையில் செய்து பார்த்து, சரியாக ஓடிய பின் பற்றாசு பிடிக்கலாம்.

ஒரு மோட்டரோடு நின்றுவிட வேண்டியதில்லை. இரண்டு மோட்டர்களும், ஒளியை உணரும் இரண்டு 'கண்களும்' வைத்தால் பூச்சி வெளிச்சமான பக்கம் திரும்பிப் போகும். பகலெல்லாம் வெயிலைச் சேமித்து, இருட்டியதும் மின்மினிபோலச் சிமிட்டும் வகையும் உண்டு. கைப்பழக்கம் வந்ததும் பிள்ளைகள் தாமாகவே புதுப்புது வடிவங்களை யோசிப்பார்கள்.

உம்மாமார் கவனிக்க!

சுவரில் செருகி மின்சாரம் எடுக்கும் எந்தச் சாமானையும் பிள்ளைகள் பிரிக்க விடாதீர்கள். தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இணைப்பைக் கழற்றிய பின்பும் ஆபத்தானவை. பழைய கமராவின் பிளாஷ் விளக்கிலும் ஏறக்குறைய 300 வோல்ற் தங்கியிருக்கக்கூடும். கைத்தொலைபேசியின் பற்றரியை வளைக்கவோ குத்தவோ கூடாது, அது தீப்பற்றும். கொள்ளளவியின் நேர், மறை முனைகளை மாற்றி இணைத்தால் அது வெடிக்கலாம்.

பற்றாசுக்கோல் 300 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், யன்னல் திறந்திருக்கட்டும். பற்றாசில் ஈயம் இருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். பொத்தான் பற்றரிகளும் சிறு காந்தங்களும் தவழும் குழந்தைகளின் வாய்க்குப் போய்விடாமல் மூடியுள்ள டப்பாவில் பூட்டி வையுங்கள்.

இதனால் என்ன பயன்?

இந்தப் பூச்சி வீடு கூட்டாது, தேநீர் கொண்டுவராது. பரீட்சைக்கும் இதனால் நேரடியாகப் புள்ளி கிடைக்காது. ஆனால் முதல் தடவையிலேயே ஓடும் பூச்சி மிகக் குறைவு. எந்த இணைப்பு விட்டுப்போயிற்று, எந்தக் கால் மாறிப்போயிற்று என்று பிள்ளை ஒவ்வொன்றாகத் தேடியே ஆக வேண்டும். யார் மீதும் பழி போட இதில் இடமில்லை. பிழையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தும் பொறுமை, படிப்புக்கும் தொழிலுக்கும் மட்டுமல்ல, குடும்ப வாழ்க்கைக்கும் வேண்டியதுதானே!

இன்னுமொன்று. மகன் திருகாணி கழற்றினால் "இஞ்சினியராக வருவான்" என்று மகிழும் நாம், மகள் அதையே செய்தால் "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கையிலிருப்பதைப் பறித்துவிடுகிறோம். ஊசிக்காதில் நூல் கோக்கும் கைக்கு, மயிர் போன்ற கம்பியைப் பிடித்து இணைப்பது பெரிய காரியமா? நுணுக்கமும் நிதானமும் கேட்கும் இந்த வேலை நம் பெண் பிள்ளைகளுக்கு நன்றாகவே கைவரும். விடுமுறை நாட்களில் அவர்களுக்கும் ஒரு மூலையும் ஒரு டப்பாவும் ஒதுக்கிக் கொடுங்கள்.

அடுத்த தடவை பழுதான தோட்ட விளக்கையோ பழைய தொலைபேசியையோ குப்பையில் போடப் போகும்போது சற்றே நில்லுங்கள். பற்றரியை நீங்களே பத்திரமாகக் கழற்றி எடுத்துவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எது உதவும், எது உதவாது என்று அவர்களே பிரித்தெடுத்துக் கொள்வார்கள்.